பனி பிடிக்காத இடம்

9

தேவிகுளத்துக் குளிரில், காலை ஆறேமுக்கால் மணிக்கு ஒருத்தன் வேர்த்து நின்றால், அவன் பொய் சொல்லியிருக்கிறான். இல்லாவிட்டால் நம்மைப் பொய் சொல்லச் சொல்லப்போகிறான். பாண்டித்துரைக்கு நெற்றி முழுக்க வேர்வை.

"பேய் வர்றது எங்களுக்கு நல்லதுதான் சார்," என்றான். "அதைப் பாக்கவே ஆளுங்க ரூம் போடுறாங்க. ஆனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் அது வரக் கூடாது."

"லீவு லெட்டர் எழுதித் தரச் சொல்லுவோமா?" என்றாள் இன்பமேரி.

அவன் சிரிக்கவில்லை. பல வருஷம் பூட்டிக் கிடந்த பழைய துரை பங்களா அது. கொச்சியில் இருக்கும் எஸ்டேட் முதலாளி அதற்கு வெள்ளையடித்து, நவம்பரில் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். பாண்டித்துரை அதற்கு மேனேஜர்.

நான் குப்பண்ணன். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு செக்போஸ்ட்டில் முப்பது வருஷம் மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தவன். படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் தவிடு என்று சொன்ன மூட்டைக்குள் தவிடே இருந்ததை நான் பார்த்தது குறைவு. அந்தப் பழக்கத்துக்காகத்தான் போலீசுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். வயது அறுபத்தெட்டு. முட்டி ரெண்டும் போய்விட்டது. வண்டி ஓட்டவும் வாயடிக்கவும் இன்பமேரி இருக்கிறாள். எஸ்டேட்டில் பிறந்தவள், நாற்பது தாண்டியவள், சொந்த ஜீப். ஜீப்புக்கு பிரேக் சுமார். அவள் வாய்க்கு அதுவும் கிடையாது.

பாண்டித்துரை எங்களைச் சாப்பாட்டு ஹாலுக்குக் கூட்டிப்போய் சுவரைக் காட்டினான். ஆள் உயரத்துக்கு ஒரு பெண் படம். வெள்ளை உடுப்பு, வெளுத்த முகம், அவிழ்ந்த கூந்தல். மணிக்கட்டு ரெண்டும் செத்த கோழிக் கழுத்துபோலத் தொங்கின. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, புகையாகக் கரைந்து போயிருந்தது.

"யூகி-ஒன்னா. ஜப்பான்ல பனிப் பேய். தேயிலை வாங்க வந்த ஜப்பான்காரம்மா ஒருத்தங்க வரைஞ்சு குடுத்துட்டுப் போனாங்க."

"என்னங்க பண்ணும் அது?"

"மூச்சு விட்டா ஆள் உறைஞ்சு செத்துருவான். ஒருத்தனை மட்டும் எரக்கப்பட்டு விட்டுருச்சாம். என்னைப் பாத்ததை உயிர் இருக்கிறவரை யார்ட்டயும் சொல்லாதேன்னுச்சாம். பெறகு அவன் ஒரு பொண்ணைக் கட்டி, புள்ளைகுட்டி பெத்து, ஒரு நாள் அவகிட்டயே அந்தக் கதையைச் சொல்லிட்டான். அந்தப் பொண்டாட்டியே பனிப் பேய்தானாம். புள்ளைங்களுக்காக உன்னைக் கொல்லாம விடுறேன்னுட்டு அப்படியே கரைஞ்சு போயிருச்சு."

"அட, பொண்டாட்டிட்ட மறைக்கிறதுக்கு எந்த ஆம்பளைக்கும் சொல்லிக்குடுக்க வேண்டாம்," என்றாள் மேரி. "சொல்லித் தொலைஞ்சவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்."

விஷயம் இதுதான். இந்த ஜனவரியில் பனி உறைய ஆரம்பித்ததிலிருந்து, பங்களாவுக்குக் கிழக்கே இருக்கும் மேட்டில் ஒரு வெள்ளை உருவம் வருகிறது. பனி உறைந்த காலையில் மட்டும்தான் வருகிறது. வெயில் படுமுன் போய்விடுகிறது. அதே மேட்டை இடித்துச் சமன் பண்ணி, கண்ணாடி அறைகள் கட்ட முதலாளி சொல்லியிருக்கிறார். நாளைக்குத் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். ஜேசிபி டிரைவர் ஏற்கெனவே ஒரு தடவை பயந்து ஓடித் திரும்பி வந்தவன்.

"நம்ம லயத்து வீட்டுல இருக்கிற தொழிலாளிதான் யாரோ வேஷம் கட்டுது சார். யாருன்னு மட்டும் காட்டுங்க. வேலையைப் பிடுங்கி, வீட்டைக் காலி பண்ண வெச்சு, அன்னிக்கே பஸ் ஏத்திருவேன். மத்ததுகளுக்கும் புத்தி வரும்."

எனக்கு அப்போதே அலுத்துவிட்டது. கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. கண்டுபிடித்த பிறகு ஒருத்தர் அழுவார், அதை நாம் நின்று பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக அதுதான் நடக்கிறது.

"இன்னிக்கும் வந்துச்சுங்களா?"

"ஆறேகாலுக்கு. கெஸ்ட் ஒருத்தர் படமே பிடிச்சிட்டார்."

போனில் காட்டினான். பதினொரு வினாடி. அரை வெளிச்சம். மேட்டை ஒட்டிய மண்பாதையில் ஒரு வெள்ளை உருவம் குறுக்கே போகிறது. தலையிலிருந்து தோள் வழியாக வெள்ளை இறங்குகிறது. பின்னால் பாதைக்காக வெட்டிய கறுத்த மண்சரிவு. இடுப்புக்குக் கீழே நிஜமாகவே ஒன்றுமில்லை. பாதி உடம்பு மிதந்து போகிறது.

"செடி மறைச்சிருக்குமுங்க."

"பாதையில செடி ஏது சார்?"

அது நியாயம். ஒருத்தன் நியாயமாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் கூடும். ஆனாலும் நியாயம்.

மேட்டுக்கு ஏறினோம். புல்லெல்லாம் கல்லுப்பைக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது. செருப்புக்கு அடியில் நொறுங்கியது. மேட்டடியில் மஞ்சள் இயந்திரம் நின்றது. அதன் பக்கெட்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டி, கண்ணாடிக்குள் அந்தோணியார் படம். டிரைவர் சூசையப்பன் போடிக்காரன், தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு மதமும் கூட்டணி போட்டு ஒத்தைப் பொம்பளைய எதிர்க்குதே," என்றாள் மேரி.

"சிரிக்காதக்கா. ஒத்தைப் பேய்னா இந்தக் கட்டு தாங்கும்னு மந்திரிச்ச சாமியாரே சொல்லிட்டாரு. நாளைக்கு அது வந்து நின்னாலும் சரி, பக்கெட்டை இறக்கிருவேன்." சொல்லிவிட்டு விரலை நீட்டினான். "அந்தா, அதுதான் அது நிக்கிற இடம். நீங்களே பாருங்க."

பார்த்தேன். மேடு முழுக்க வெள்ளை. ஒரு தேயிலைச் செடியின் அடியை ஒட்டி மட்டும் பச்சை. அரை முறம் அகலம், ஒரு முறம் நீளம். விளிம்பு கத்தரித்தாற்போல நேராக இருந்தது.

"பனியே அவளுக்குப் பயந்து ஒதுங்கிருச்சு அண்ணாச்சி," என்றான் சூசையப்பன்.

ஜப்பான் பேய் மூச்சு விட்டால் மனுஷன் உறைவான். இந்தப் பேய் நின்ற இடத்தில் புல்கூட உறையவில்லை. குளிர்ப் பேய்க்கு இது கெட்ட பேர். எங்கள் ஊரில் களத்தில் சாக்கு மூடி வைத்து விடியக்காலையில் எடுத்தால், சுற்றிலும் ஈரமாக இருக்கும், சாக்குக்கு அடியில் மட்டும் மண் காய்ந்திருக்கும். பனி மேலேயிருந்து இறங்குகிற சங்கதி. மூடின இடத்தில் பிடிக்காது.

"அம்மிணி, பொழுது சாஞ்சதுல இருந்து இங்க எதையோ போத்தி வெச்சிருக்குது. விடியால எடுத்துட்டுப் போயிருக்குது. வெள்ளைத் துணி இந்தப் பக்கம் எங்க கெடைக்கும்?"

மேரி சரிவைக் காட்டினாள். கீழே நர்சரி. இளங்கன்றுப் பாத்திகள் மேலெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. "பனிக்காலத்துல தேயிலைக் கன்னு கருகிரும்னு சாயங்காலம் போர்த்திட்டு வருவாங்க. வெயில் வந்ததும் எடுப்பாங்க. நாங்க கம்பளிக்கு மல்லுக்கட்டுவோம், அதுக்கு மட்டும் தினம் புதுப் போர்வை."

"இங்க கன்னு எதுவும் இல்லியே?"

"இல்லையே. எல்லாம் கெழட்டுச் செடி."

பச்சை இடத்தின் தலைமாட்டில், செடிக்கு அடியில், ஏதோ மின்னியது. குனிய முட்டி விடவில்லை. மேரிதான் உட்கார்ந்து பார்த்தாள். கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர். இடுப்பில் மூன்று கோடு. பாதி மண்ணில் புதைந்து, சுற்றிலும் பாசி கட்டியிருந்தது. வருஷக்கணக்கில் அங்கே இருக்கிற டம்ளர். ஆனால் வெளியே தெரிகிற பாகத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கினது யாரோ, அதுவும் இந்த வாரத்தில்.

மேரி அந்தப் பச்சையின் நீளத்தைத் தன் கையை வைத்து அளந்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி, கொஞ்சம் மிச்சம். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாமா?" என்றேன்.

"போலாம் அண்ணாச்சி."

அந்த உருவத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் ஒருத்தன்தான். பங்களா வாட்சர் நல்லமுத்து. வியாழக்கிழமை காலை பார்த்துவிட்டு ஓடிவந்து படுத்தவன், மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறான். அவன் வீடு கீழ் லயத்தில். நீளமான ஒரே கூரை, பதினாலு வாசல். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தெடுப்பு இல்லை. ரேடியோ பாடியது. ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் ஆணியில் ஒரு கறுப்புத் தார்ப்பாய்த் துண்டு தொங்கியது.

"இதென்ன, வாசலுக்கு வாசல் கறுப்புக் கொடி?"

"படங்கு அண்ணாச்சி. கொழுந்துக்குப் போறப்போ இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் சுத்திக் கட்டுவோம். செடி பூரா பனித்தண்ணி நிக்கும்ல? படங்கு இல்லாம எறங்கினா சேலை நனைஞ்சு அன்னிக்குப் பூரா நடுக்கம்தான். எங்கம்மா காட்டுக்குள்ள வெறகுக்குப் போனாக்கூட கட்டிட்டுத்தான் போகும். கை அதுவா கட்டிரும்."

நான் நின்றுவிட்டேன். போனில் பார்த்தது ஞாபகம் வந்தது. அரை வெளிச்சத்தில் கறுத்த மண்சரிவு. அதற்கு முன்னால் கறுப்புப் படங்கு.

"ஜப்பான் பேய்க்குக் காலில்லை அம்மிணி. இந்தப் பேய்க்குச் சேலை நனையக் கூடாது, அவ்வளவுதான்."

மேரி மெல்ல விசிலடித்தாள். "அப்போ கொழுந்தெடுக்கிற பொம்பளை. பதினாலு வாசல்ல எந்த வாசல்?"

"இன்னிக்கு வேலையில்லைன்னியே. பாத்துட்டே வா."

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். சனிக்கிழமை நனைந்தது காய்ந்து, அப்பளம்போல விறைத்துத் தொங்கின எல்லாம். ஒன்பதாவது வாசலில் ஒன்று மட்டும் கீழ்நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மேரி வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாம போற வீடே இதான் அண்ணாச்சி."

திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஜீப் மேலே நின்றது, ஏற வேண்டுமே என்று உள்ளே போனேன்.

நல்லமுத்து கட்டிலில் கம்பளிக்குள் இருந்தான். நாற்பது வயது இருக்கும், கண்ணெல்லாம் குழி. அவன் மனைவி செல்வலட்சுமி எங்களுக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். மெலிந்த பெண். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. டம்ளரைக் கையில் வாங்கினேன். இடுப்பில் மூன்று கோடு. மேரியும் தன் டம்ளரைப் பார்த்தாள்.

"என்ன பாத்தீங்க, சொல்லுங்க," என்றேன்.

"வெள்ளையா நின்னுச்சு சார். குனிஞ்சு நின்னுச்சு. கால் இல்ல. நான் கத்தக்கூட இல்ல, ஓடியாந்துட்டேன்."

"மூணு நாள் காய்ச்சல் வாறதுக்கு அது போதாதுங்க. வேற என்ன?"

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். குரலைத் தாழ்த்தினான்.

"அது நின்ன இடம் சார். அம்புட்டு பெரிய மேட்டுல அது எதுக்கு அங்க மட்டும் நிக்கணும்? ஏழு வருஷம் முந்தி எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள, ஏழு மாசத்துல உசுரில்லாம பொறந்துச்சு. நான்தான் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். பெத்தவளுக்கு இடத்தைக் காட்டினா அடுத்தது தங்காதுன்னு பெரியவங்க சொன்னாங்க. அதனால யார்ட்டயும் சொல்லல. அவ கொழுந்தெடுக்கிற நிரைலயே, செடிக்கு அடியில வெச்சேன். அவ பக்கத்துலயாவது இருக்கட்டும்னு. தலைமாட்டுல ஒரு டம்ளரக் கவுத்தேன். பெறகு நான் அந்தப் பக்கமே போனதில்ல. சுத்திப் போவேன். அன்னிக்கு ஏதோ நாய் ஓடுச்சுன்னு போய்ட்டேன்." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கை கொதித்தது. "அந்தப் பேய் எம் புள்ளைய எடுக்க வந்திருக்கு சார். நாளைக்கு மிஷின் வேற வருது. தோண்டாதீங்கன்னு சொல்லணும். சொன்னா இவளுக்குத் தெரிஞ்சுரும். அடுத்ததும் வரல, ஒண்ணும் வரல. இருந்தாலும் எப்படிச் சொல்லுவேன்?"

தடுப்புக்கு அப்பால் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

செல்வலட்சுமி வந்து கட்டில் காலருகே நின்றாள். "டம்ளர் ஆத்துல போயிருச்சுன்னுதான சொன்னீங்க," என்றாள்.

அவன் கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தான்.

"எங்கம்மா சீராக் குடுத்த ஆறு டம்ளர். கவாத்து வெட்டுன வருஷம் செடியெல்லாம் மொட்டையா நிக்குறப்போ, என் நிரைல அது கவுந்து கெடந்துச்சு. அங்ஙனயே உக்காந்துட்டேன். மயக்கம்னு சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பினாரு. நாலு வருஷமாச்சு."

"நாலு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கல. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்." அவள் முந்தானையை முறுக்கினாள். "வியாழக்கெழமை யாரோ ஓடுற சத்தம் கேட்டுச்சு. நீங்களா அது?"

"பனி உறையறப்போ மட்டும் எதுக்கும்மா போறே?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்டுத்தான் பழக்கம்.

"தேயிலைக் கன்னுக்கே போர்த்துறாங்க சார்," என்றாள்.

ரேடியோ அடுத்த வாசலில் பாடிக்கொண்டே இருந்தது. மேரி எழுந்து வெளியே போய்விட்டாள். நல்லமுத்து கம்பளியை முகத்தில் மூடிக்கொண்டு குலுங்கினான். அவள் அவனைத் தொடவில்லை, நகரவும் இல்லை. அந்த ஜப்பான்காரன் சொல்லிக் கெட்டான். இவன் சொல்லாமல் கெட்டான். எந்த ஊர்ப் பேயையும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது போலிருக்கிறது.

காப்பியைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"மேனேஜர்ட்டச் சொல்லிருவீங்களா சார்?" என்று கேட்டாள். "நர்சரித் துணியத் திருடுனேன்னு சொன்னாலே போதும், வேலை போயிரும். வேலை போனா இந்த வீடும் இல்ல. போனாப் போகுது. நாளைக்கு மிஷின் மட்டும் அந்த இடத்தைத் தொடக் கூடாது."

"நான் பேயைத் தேடத்தான் வந்தேன் அம்மிணி," என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் திரும்பினேன். "அந்த டிரைவருக்கு எலுமிச்சம்பழம் கட்டிக் குடுத்திருக்குது. ஒத்தைப் பேயைத்தான் அது தாங்குமாம். அவனே சொன்னான்."

வெளியே வந்தபோது மேரி அந்தப் படங்கைப் பிழிந்து, வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஜீப்பை மேட்டுக்கு எதிரே நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நல்ல பனி. பங்களா வராந்தாவில் கம்பளியும் போனுமாக ஆறேழு பேர். சூசையப்பன் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, அந்தோணியாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எஞ்சினைப் போட்டான்.

ஆறேகாலுக்கு மேட்டில் வெள்ளை எழுந்தது.

வராந்தாவில் ஒரு பெண் 'ஹா' என்றாள். வெள்ளை ரெண்டாகப் பிரிந்தது. அந்த முனையில் ஒரு அரை உடம்பு, இந்த முனையில் ஒரு அரை உடம்பு, நடுவில் துணி. ரெண்டும் ஒன்றையொன்று நோக்கி மிதந்து வந்தன. கையோடு கை சேர்ந்தது. ஒன்று விலகி மடிப்பைப் பிடித்து, மறுபடி வந்து சேர்ந்தது. வெளியூரார் கண்ணுக்கு அது என்ன கூத்தாகத் தெரிந்ததோ. புருஷன் பெண்டாட்டி போர்வை மடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சூசையப்பன் பார்த்தான். பக்கெட்டை இறக்கவில்லை. இயந்திரத்தைத் திருப்பினான். எலுமிச்சம்பழம் ஆட ஆட, மஞ்சள் பூதம் ரோட்டில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

பாண்டித்துரை ஓடிவந்து ஜீப் கதவைப் பிடித்தான். போனில் முதலாளியோடு பேசிக்கொண்டே வந்தவன், அதைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான். "ரெண்டு சார்! துணைக்கு ஆளையும் கூட்டிட்டு வந்திருச்சு! டிரைவர் போயிட்டான். படம் இப்பவே முதலாளிக்குப் போயிருச்சு. அந்த மேட்டைத் தொட வேண்டாங்கிறார். ரூமைக் கீழ்ப்பக்கம் கட்டி, ஜன்னலை இந்தப் பக்கம் வெக்கணுமாம்." மூச்சு வாங்கினான். "ஆள் யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

முப்பது வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூட நான் குத்தாமல் விட்டதில்லை.

"பேய்தானுங்க," என்றேன்.

"நிஜமாவா? அப்போ ரெண்டும் ஒழுங்கா வருமா சார்?"

"பனி விழுந்தா வருமுங்க. நீங்க அந்த மேட்டுல கையை வெக்காத வரைக்கும்."

அவன் அதை அப்படியே போனில் சொல்லிக்கொண்டு போனான். மேரி வண்டியை எடுத்தாள். ரெண்டு வளைவு இறங்கினோம்.

"அண்ணாச்சி."

"ம்."

"அந்த ஆம்பளைப் பேய்க்குப் படங்கு கட்டத் தெரியல. முடிச்சை முன்னால போட்டிருந்துச்சு."

"விடு அம்மிணி," என்றேன். "நாலு பனி போனாப் பழகிக்கும்."